இடம் என்ற கட்டம்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் கறையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். ஆஸ்பத்திரியின் ஐந்து மாடிகளிலிருந்தும் இறங்கி வரும் துணிகளில் இயந்திரம் கைவிட்டவை கடைசியில் அவள் மேஜைக்கு வரும். ரத்தமா, களிம்பா, பேனா மையா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், களிம்புக்குச் சுடுதண்ணீர், மைக்கு ஸ்பிரிட். பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே ஜன்னல் வெளிச்சம்.

மேஜையின் வலது மூலையில் ஒரு தடித்த பதிவேடு இருக்கும். துணியை நனைப்பதற்கு முன்னால் அதில் எழுதியாக வேண்டும். நேரம், துணி, எண், என்ன கறை, எந்த இடம், எவ்வளவு பழசு, என்ன செய்தது, முடிவு என்று எட்டுக் கட்டங்கள். இடம் என்ற கட்டம் ஆரம்பத்தில் கிடையாது. ஆபரேஷன் அங்கியின் மணிக்கட்டில் ரத்தம் இருந்தால் டாக்டரின் கையுறை ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பதற்காகத் தொற்றுத்தடுப்பு நர்ஸ் கேட்டுச் சேர்த்த கட்டம் அது. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்கு மெக்கானிக் வரவில்லை. போர்வைகளைத் தேய்த்துத் தள்ளும் பெரிய உருளையின் சங்கிலிக்கு சூப்பர்வைசரே கிரீஸ் போட்டார். சூப்பர்வைசர் அவளுக்கு அந்நியரில்லை, நாத்தனாரின் புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டாள்.

பதினொன்றே காலுக்கு அவர் அவள் பின்னால் வந்து நின்றார். மேஜை சுவரோடு ஒட்டியது. முன்னால் நகர இடமில்லை. ஏழெட்டு வினாடிதான். ஒரு கை முன்பக்கம் வந்தது, இன்னொரு கை பின்பக்கம் அழுந்தியது. முழங்கையால் ஓங்கி இடித்தாள். அவர் விலகிச் சிரித்தார்.

"என்னம்மா இப்படித் துள்ளுற? அண்ணன்தானே."

உருளை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற இரண்டு பெண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு போர்வையை நீவிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்விட்டார். அவள் தன் வெள்ளைக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். கறுப்பு விரல்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கோட்டைக் கழற்றி மேஜைமேல் விரித்தாள். பேனாவை எடுத்து, வேறு எந்தத் துணிக்கும் எழுதுகிற மாதிரி ஒரு வரி எழுதினாள். மண்ணெண்ணெயைத் தொட்டாள், சோப்பைத் தேய்த்தாள், சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசினாள். முடிவு என்ற கட்டத்தில் 'போயிற்று' என்று எழுதினாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

அவள் செய்த தப்பு அதுதான். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே ஓடியிருப்பாள். கறை மேஜையில் பதினோரு வருஷம் நின்றவளுக்குக் கறை என்றால் போக்க வேண்டிய ஒன்று. அதை வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் இதையேதான் கேட்டார்.

"அடிச்சாரா?"

"அடிக்கலை. பிடிச்சாரு."

"எங்க?"

சொன்னாள். ரைட்டர் நிமிர்ந்து பார்க்காமல் பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்துகொண்டார்.

"கையில கிரீஸ் இருந்துச்சுங்கறீங்க. அந்தக் கோட்டு எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். பளீரென்று இருந்தது.

"துவைச்சுட்டீங்களா?"

"ஆமா."

"நல்லாத்தான் துவைச்சிருக்கீங்க. என் யூனிஃபார்மையும் அனுப்பி வெக்கட்டுமா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். ரைட்டர் எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். இருவருக்கும் இடையே வேலையிடத்தில் தள்ளுமுள்ளு ஏற்பட்டதாக எழுதியிருந்தது.

"தள்ளலைங்க. திருப்பி எழுதுங்க."

"தாக்குதல்னு போட்டா அவரு அபராதம் கட்டிட்டுப் போவாரு. நீங்களும் நாளைக்கு வேலைக்குப் போவீங்க. நீங்க சொல்றதைப் போட்டா அது வேற பிரிவு. ஜெயில் வரைக்கும் போகும். நாத்தனார் வீட்டுக்காரருங்கறீங்க."

"திருப்பி எழுதுங்க."

மூன்று தடவை திருப்பி எழுத வைத்தாள். மூன்றாவது தடவைதான் அது நடந்த மாதிரி இருந்தது.

வீட்டில் நாத்தனார் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. புருஷன் ஜன்னலோரமாக நின்றுகொண்டு, தெருவில் ஏதோ முக்கியமான விஷயம் நடப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாடி மகாராணி. ஸ்டேஷன்ல காப்பி குடுத்தாங்களா?"

"அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க."

"உன்னைக் கேக்க என்ன இருக்கு? இந்த வீட்டுக்கு வந்தப்ப ஒரு பைதான் கொண்டுவந்தே. அந்த வேலையும் அவரு போட்ட பிச்சை. அவரு எத்தனை பொம்பளைங்களை மேய்க்கிறாரு தெரியுமா? நாப்பது பேரு. எவளும் வாயத் திறக்கலை. உனக்கு மட்டும்தான் ஒட்டிக்கிச்சு."

"திறக்கலைங்கறதுக்கு நடக்கலைன்னு அர்த்தமா?"

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள். குரல் இரண்டு மடங்கானது.

"டேய், உன் பொண்டாட்டி என்ன பேசறான்னு பாத்தியாடா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு அதுங்களுக்கு எவன் வருவான்? ஒரு கை பட்டதுக்கு இவ்வளவா?"

புருஷன் திரும்பினான். "இங்க பாரு, மாமா வந்து மன்னிப்புக் கேட்டா விட்டுடுவேல்ல?"

"எதுக்கு மன்னிப்புன்னு சொல்லிக் கேக்கச் சொல்லுங்க."

"அப்படில்லாம் வாயால சொல்ல முடியுமா?"

"செய்ய முடிஞ்சுதே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளோடு யாரும் முழு வாக்கியம் பேசவில்லை. புருஷன் 'ம்' என்பான், 'வேணாம்' என்பான். சூப்பர்வைசரை இரவு ஷிஃப்ட்டுக்கு மாற்றினார்கள். கறை மேஜைக்கு வரும் மூட்டைகளை யாரோ வேண்டுமென்றே கலந்து போட்டார்கள். ரத்தத் துணியைச் சூடு காட்டி, கறையை உறைய வைத்து அனுப்பினார்கள். உருளைப் பெண்களில் மூத்தவள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாள் அருகில் வந்து, "எனக்கு மூணு வருஷம் இருக்கு ரிட்டயராக. என்னைச் சாட்சிக்கு இழுத்துடாதே" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இழுத்தார்கள். 'முதுகு காட்டி நின்றேன், பார்க்கவில்லை' என்றாள். பொய்யும் இல்லை.

அரசு வக்கீலம்மாவுக்கு ஒரு நாளில் இருபது வழக்கு. கோர்ட் வராந்தாவில் நடந்துகொண்டே பேசுவார். கறையக்கா அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவாள்.

"சட்டம் நாலு கேள்வி கேக்கும். தொட்டாரா? உங்க சம்மதம் இல்லாமத் தொட்டாரா? நல்ல புத்தியுள்ள நாலு பேரு பார்த்தா இது அசிங்கம்னு சொல்லுவாங்களா? அசிங்கம்னு தெரிஞ்சே செஞ்சாரா? நாலுக்கும் ஆமான்னா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. முதல் ரெண்டுக்கு மட்டும் ஆமான்னா வெறும் தாக்குதல், அபராதத்தோட போயிடும்."

"நாலும் ஆமாதானே?"

"எனக்குச் சொல்லாதீங்க, ஜட்ஜுக்குச் சொல்லுங்க. அந்தாளு கெட்டிக்காரன். தொடவே இல்லைன்னு சொல்லலை. உங்க கோட்டு உருளையில மாட்டப் போச்சாம், இழுத்துக் காப்பாத்தினாராம். அதை நம்பினா தாக்குதல்கூட இல்லை, உபகாரம். நீங்கதான் நன்றி சொல்லணும்."

"நான் உருளைப் பக்கமே போகலை!"

"பார்த்தவங்க யாரு? கோட்டைத் துவைக்காம இருந்திருந்தா விரல் எங்க பட்டதுன்னு ஒரு நிமிஷத்துல காட்டியிருக்கலாம். ஏம்மா துவைச்சீங்க?" வக்கீலம்மா நின்றார். "இன்னிக்குக் காலைல அவங்க தரப்புல கேட்டாங்க. வெறும் தாக்குதல்னா குற்றத்தை ஒத்துக்கறாராம். முரட்டுத்தனமா இழுத்துட்டேன்னு சொல்லிட்டு அபராதம் கட்டிடுவாரு. வேலை போகாது. உங்களுக்கும் கூண்டேறி நிக்கற அவமானம் மிச்சம். சரின்னா சொல்லுங்க."

கறையக்காவுக்கு மூச்சு வாங்கியது. இழுத்தார் என்று எழுதினால் அவள் மாட்டிக்கொள்ள இருந்தவள் ஆகிவிடுவாள். அவர் கொஞ்சம் முரடான அண்ணன் ஆகிவிடுவார். அதே மேஜை, அதே சுவர். அவர் மறுபடியும் பகல் ஷிஃப்ட்டுக்கு வருவார்.

"வேணாங்க. அதுக்கு என்ன பேரோ அந்தப் பேரே இருக்கட்டும்."

"தோத்துப் போவீங்க."

"தோத்துட்டுப் போறேன்."

பதினாலு மாதம் கழித்து அவள் கூண்டேறினாள். நாத்தனார் இரண்டாவது வரிசையில், இரண்டு மகள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் அக்காவுக்குப் பின்னால். சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலரில் மஞ்சள் வியர்வைக் கறை. அவள் கண் அவளைக் கேட்காமலே அதைப் பார்த்துவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமானவர். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் கண்ணாடியைத் துடைத்தார்.

"என் கட்சிக்காரர் உங்களுக்கு அண்ணன் முறை. சரிதானே?"

"நான் கூப்பிட்டது அண்ணேன்னு. முறையை அவரு வெச்சுக்கலை."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இது நடந்ததா நீங்க சொல்ற நேரத்துல கத்தினீங்களா?"

"இல்லை."

"யார்கிட்டயாவது ஓடிப்போய்ச் சொன்னீங்களா?"

"இல்லை."

"பதினொன்றே காலுக்கு நடந்ததா சொல்றீங்க. நாலு மணிக்குத்தான் புகார். நடுவுல என்ன செஞ்சீங்க?"

"வேலை பார்த்தேன்."

"வேலை! அதாவது இருந்த ஒரே தடயத்தை உங்க கையாலயே அழிச்சீங்க. ஏன்?"

"கறை இருந்துச்சு."

ஹாலில் சிரிப்பு. நாத்தனார் சத்தமாகவே சிரித்தாள். அரசு வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தினம் எத்தனை கறை பார்ப்பீங்க?"

"நூறு இருக்கும். நூத்தம்பதும் வரும்."

எதிர்த்தரப்பு வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சிரிப்பு அவருக்கு ருசித்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜட்ஜைப் பார்த்துத் திரும்பினார்.

"பதினாலு மாசம். ஒரு நாளைக்கு நூறு கறை. அதுல இந்த ஒரு கறை எத்தனை விரல், எந்தப் பக்கம், மேலயா கீழயான்னு இந்த அம்மா ஞாபகம் வெச்சிருக்காங்களாம். அந்த ஞாபகத்தை நம்பி ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பணுமாம்."

"ஞாபகம் எதுக்குங்க?" என்றாள் கறையக்கா. "பதிவேட்டுல இருக்கே."

ஜட்ஜ் தலையைத் தூக்கினார். "எந்தப் பதிவேடு?"

சொன்னாள். எட்டுக் கட்டத்தையும் வரிசையாகச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அரசு வக்கீலம்மா கூண்டுக்குப் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "இதை ஏம்மா என்கிட்டச் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. துவைச்சியா துவைச்சியான்னுதான் கேட்டீங்க. எழுதாம எப்படித் துவைப்பாங்க?"

ஜட்ஜ் அந்த நிமிஷமே கோர்ட் ஊழியர் ஒருவரைப் போலீஸ்காரரோடு சலவைக்கூடத்துக்கு அனுப்பினார். யாரும் போன் பேசக் கூடாது என்றார். ஒன்றரை மணி நேரத்தில் பதிவேடு வந்துவிட்டது. அலமாரியின் அடித்தட்டில், சோப்புத்தூள் சாக்குக்குப் பின்னால் இருந்ததாம். ஜட்ஜ் பக்கத்தைப் புரட்டி, உணர்ச்சியே இல்லாத குரலில் வாசித்தார்.

"நேரம், பதினொன்று இருபது. துணி, ஊழியர் கோட்டு. எண் பதினாலு. கறை, சங்கிலி கிரீஸ். இடம், முன்பக்கம் இடது மார்பு, நான்கு விரல், கட்டைவிரல், கீழிருந்து மேலே. பின்பக்கம் இடுப்புக்குக் கீழே வலதுபுறம், முழு உள்ளங்கை. பழசு, ஐந்து நிமிடம். செய்தது, மண்ணெண்ணெய், சோப்பு, சுடுநீர் இருமுறை. முடிவு, போயிற்று."

நாத்தனாரின் பெரிய மகள் தரையைப் பார்த்தாள்.

பிறகு எழுதிச் சேர்த்திருக்கலாமே என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அதற்காக அடுத்த வாய்தாவில் நர்ஸை வரவழைத்தார்கள். அந்த வரிக்குக் கீழே இன்னும் ஆறு துணி. ஆறாவதுக்குக் கீழே கோடும் கையெழுத்தும்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா. பன்னிரண்டு மணிக்குப் போட்டது."

"இந்த வரியைப் படிச்சீங்களா?"

"மணிக்கட்டுன்னு இருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன்."

"மார்புன்னு இருக்கே, அது கண்ணுல படலையா?"

"அது கையுறை சம்பந்தப்பட்டது இல்லையே" என்றார் நர்ஸ்.

தீர்ப்பு நீளமில்லை. உருளையில் மாட்டப் போகும் ஒருத்தியை இழுக்கிறவன் தோளைப் பிடிப்பான், கையைப் பிடிப்பான், காலரைப் பிடிப்பான். கீழிருந்து மேலாக அந்த இடத்தில் ஐந்து விரலையும் பதிக்க மாட்டான் என்றார் ஜட்ஜ். பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த வரி இருந்திருக்கிறது. புகார் கொடுக்கும் எண்ணமே இல்லாதபோது, வேலையின் போக்கில் எழுதப்பட்ட வரி. துவைத்தது தடயத்தை அழிப்பதற்காக அல்ல, பழக்கத்தால். அண்ணன் முறை என்பது பாதுகாப்பு வாதம் ஆகாது. மேலதிகாரி என்ற இடத்தையும் அந்த முறையையும் சேர்த்தே அவர் பயன்படுத்தியிருக்கிறார். நான்கு கேள்விக்கும் பதில் ஆம்.

தண்டனைக்கு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் கருணை கேட்டார். இரண்டு பெண் குழந்தைகள், நெஞ்சுவலிக்கார அம்மா, இதுவரை ஒரு புகாரும் இல்லாத சர்வீஸ். ஜட்ஜ் கறையக்காவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"ரெண்டு பொண்ணு இருக்குங்கறது அன்னிக்கும் அவருக்குத் தெரியுங்க. ஞாபகப்படுத்தறது என் வேலை இல்லை."

ஓராண்டுச் சிறை, மேல்முறையீடு செய்ய முப்பது நாள் ஜாமீன். அவர் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம் என்பதை அரசு வக்கீலம்மா நடந்துகொண்டே விளக்கினார். அப்பீலில் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "அது அவங்க பாடு, என் பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஹாலுக்குள் போய்விட்டார்.

படிக்கட்டில் நாத்தனார் வழியை மறித்து நின்றாள்.

"இப்பத் திருப்தியா? ஒரு கை பட்டதுக்கு ஒரு குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டே."

"ரெண்டு கை, அண்ணி. சத்தமாத்தானே படிச்சாங்க."

நாத்தனார் அவள் காலடியில் துப்பினாள். புருஷன் அக்காவின் தோளைப் பிடித்து ஸ்கூட்டர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். வண்டியைக் கிளப்பிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

"நீ பஸ்ல வந்துடு."

பதினாலு மாதத்துக்கும் மேலே ஆன பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம். ஸ்கூட்டர் போய்விட்டது. அவள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. அரைநாள் லீவுதான் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

கறை மேஜையில் மூட்டை மலையாகக் குவிந்திருந்தது. பழைய பதிவேடு இனி கோர்ட்டின் சொத்து. நேற்றுவரை எழுதிய பதிவேட்டையும் எடுத்துவிட்டிருந்தார்கள். வலது மூலையில் அச்சு வாசனை போகாத புதுப் பதிவேடு ஒன்று இருந்தது. பிரித்தாள். ஒருமுறை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். ஏழு கட்டம்.

புது சூப்பர்வைசர் ஐந்தாறு அடி தள்ளியே நின்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணு குறையுதே சார்."

"மேலிடத்து உத்தரவும்மா. என்ன கறைன்னு எழுதினாப் போதுமாம். எந்த இடம்னு வேண்டாமாம். வீண் வம்பு."

"கையுறை ஒழுகினா எப்படித் தெரியும்?"

"அதை நர்ஸ் தனியாப் பார்த்துப்பாங்க. உங்களுக்கு எதுக்கு? இருக்கறதை எழுதிட்டுப் போங்க."

கறையக்கா மேஜை டிராயரைத் திறந்து அளவுகோலை எடுத்தாள். கறை என்ற கட்டம் அகலமாக இருந்தது. அதன் நடுவில் அளவுகோலை வைத்து, மேலிருந்து கீழே பக்கம் முழுக்க ஒரு கோடு இழுத்தாள்.

"என்னம்மா இது? அச்சடிச்ச ரெஜிஸ்டர்!"

"தெரியுது சார்."

"ஏற்கெனவே உங்களால எல்லாருக்கும் தலைவலி. நான் மேல எழுதிப் போடுவேன்."

"போடுங்க. நேரத்தையும் சேர்த்துப் போடுங்க."

அவர் அலுவலக அறைக்குப் போனார். கதவு அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. உருளைப் பெண்களில் மூத்தவள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போர்வை மடிகிறதென்று திரும்பிக்கொண்டாள். கறையக்கா அடுத்த பக்கத்திலும் கோடு போட்டாள், அதற்கடுத்ததிலும் போட்டாள். இருநூறு பக்கம். மூட்டை காத்திருக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, முதல் பக்கத்துக்கு வந்து, கோட்டின் தலையில் 'இடம்' என்று எழுதினாள். குவியலின் மேலே இருந்த துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். ஆபரேஷன் அங்கி. ரத்தம். வலது மணிக்கட்டு, உள்பக்கம். எழுதிவிட்டுத்தான் தண்ணீரைத் திறந்தாள்.